காற்று மாறிய அன்று பறிக்காத கத்தரி

நேற்று மேலண்டைப் பாத்தியை ஆழமாகக் கொத்திக்கொண்டிருந்தபோது மண்வெட்டி முனையில் ஒரு மீன் முள் மாட்டிக்கொண்டு வந்தது. ஏதோ பெரிய மீனின் நடுமுள். வெள்ளை வெளேரென்று, துளி நாற்றமில்லாமல் இருந்தது. இந்த நிலத்துக்கு மீன் கழிவைத் தலையில் சுமந்து வந்து கொட்டியவள் நீ ஒருத்திதான். நீ போய் ஆறாவது வருஷம் நடக்கிறது. முள்ளைத் திரும்ப மண்ணிலேயே போட்டு மூடினேன். அதற்குமேல் கொத்த ஓடவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று, சொல்லாமலே நின்றுபோயிற்று. எட்டாவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை என் கொழுந்தனார் மாத்தூரில் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் ஆரத்தி எடுக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்த கல்யாணம். நீ ராயபுரத்துப் பெண், கடலுக்குப் போகிறவரின் மகள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள். நானோ அத்திப்பட்டில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள், இந்த வீட்டுக்கு மூத்த மருமகள். எனக்கு ஓரகத்தியாக வந்தவளுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. முதல் நாளே பாத்திக்குள் கால் வைத்து முளைக்கீரையை மிதித்தாய். "கண்ணு தெரியலியா?" என்று கத்தினேன். "தெரிது அக்கா. கீரை எது புல்லு எதுன்னுதான் தெரில" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

உன் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கும் என் வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில் பட்டறைக்கும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மாமனார் விட்டுப்போன நாற்பது சென்ட் நிலம் நம் இரண்டு பேர் தலையில் விழுந்தது. சுவர் கட்டாத ஒரு மண் கிணறு. வெயில் காலத்தில் அதன் தண்ணீர் கரிக்கும். கீரை, கத்தரி, வெண்டை, வரப்போரம் அவரைப் பந்தல், அவ்வளவுதான் நம் விவசாயம்.

நீ வந்த வருஷம் வழக்கம்போல ஆடியில் நல்ல நாள் பார்த்து மொத்த விதையையும் ஒரே நாளில் தெளித்தேன். முளைத்தது. அதற்குப் பிறகு மழையே இல்லை. பாதி பயிர் தீய்ந்தது. மிச்சம் இருந்ததைப் புரட்டாசிக் கடைசியில் ஒரே மழை வந்து வேரோடு அரித்துக்கொண்டு போயிற்று. மறுமுறை விதைத்தபோது கிராம சேவகர் வந்து வெள்ளை உரம் போடச் சொன்னார். போட்டேன். ஒரே வாரத்தில் கீரை கருகருவென்று எழும்பியதைப் பார்த்து, ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். அப்புறம் இருபது நாள் வானம் காய்ந்தது. கிணற்றில் கரிப்பு ஏறியது. இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டி எடுத்ததுபோலப் பொசுங்கியது. நீ பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாய்.

"தண்ணியே உப்பு அக்கா. அதும்மேல இந்த உப்பையும் கொட்டினா, பாவம், அது எத்த குடிக்கும்?"

நீ சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயாகவே வந்து உட்கார்ந்து கேட்டாய்.

"எங்க நைனா எல்லா வலையும் ஒரே நாள்ல கடல்ல எறக்க மாட்டாரு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு கரையில இருக்கணும்பாரு. நீ இன்னாத்துக்கு அத்தனை வெதையும் ஒரே நாள்ல போடற?"

"பட்டம்னு ஒண்ணு இருக்குடி. அந்த மாசத்துல போட்டாத்தான் வரும்."

"மாசம் சொன்ன பேச்ச மழ கேக்குதா?"

அன்றிலிருந்து விதையை மூன்று பங்காகப் பிரித்தோம். பத்து நாள் விட்டுப் பத்து நாள் ஒவ்வொரு பங்காகத் தெளித்தோம். நிலத்தில் பாதியை மேட்டுப் பாத்தியாகவும் பாதியைப் பள்ளப் பாத்தியாகவும் மாற்றச் சொன்னாய். அடைமழை வந்தால் மேடு பிழைக்கும், காய்ந்தால் பள்ளம் பிழைக்கும் என்பது உன் கணக்கு. குயவர் வீட்டில் விற்காமல் கிடந்த விரிசல் பானைகளை வாங்கிவந்து கத்தரி வேருக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தோம். அது கசிந்து கசிந்து வேருக்கு மட்டும் போனது. அறுத்த விதையைக்கூட நீ ஒரே இடத்தில் வைக்க விடவில்லை. ஒரு பங்கு என்னிடம், ஒரு பங்கு உன்னிடம், ஒரு பங்கு உன் அம்மா வீட்டில். "வூடு எரிஞ்சா, வெள்ளம் வந்தா, எங்கயாச்சும் ஒரு எடத்துல மிஞ்சும்" என்பாய். உன் கல்யாணத்துக்கு வராத உன் அம்மா, இந்த விதைப் பொட்டலத்துக்காகத்தான் முதல்முதலாக உனக்குக் கதவைத் திறந்தார் என்று பிறகு சொன்னாய்.

மீன் கழிவு வந்தது அதற்கப்புறம். மண் செத்துப்போயிருக்கிறது, அதற்குச் சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லிக் காசிமேட்டுக் கரையில் கிடந்த தலை, குடல், செதில் எல்லாவற்றையும் கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாய். தண்டையார்பேட்டையிலேயே கண்டக்டர் உன்னை இறக்கிவிட்டார். அதை நீ எனக்கு நடித்தே காட்டினாய். "இன்னா மூட்ட அது? பஸ்ஸே நாறிக்கினு கீது. எறங்கும்மா, எறங்கு!" அங்கிருந்து மாத்தூர் வரைக்கும் வெயிலில் நடந்து வந்தாய். கோணியிலிருந்து ஒழுகி உன் ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது. வழியில் இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்களாம். அதை மட்டும் நீ நடித்துக் காட்டவில்லை, சும்மா சொன்னாய்.

மூன்று தண்ணீரில் உப்புப் போக அலசி, காய்ந்த சருகும் சாம்பலும் கலந்து குழியில் மூடினோம். அவசரப்பட்டு இரண்டாம் மாதமே எடுத்துப் போட்டேன். திருவொற்றியூர் மார்க்கெட்டில் கீரையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு அம்மாள், "என்ன கவிச்சு அடிக்குது!" என்று என் முகத்துக்கு நேரே வீசிவிட்டுப் போனார். அன்று கட்டு கட்டாகத் திரும்பி வந்தது. அடுத்த குழியை எட்டு மாதம் தொடவில்லை. திறந்தபோது அது மீனும் இல்லை, சருகும் இல்லை, கறுப்பாகப் பொலபொலவென்று வெறும் மண். நீ ஒரு பிடி அள்ளி என் மூக்கிடம் நீட்டினாய். "மோந்து பாரு. கடலு வாசன கீதா?" இல்லை. மண் வாசனைதான் இருந்தது.

நாம் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் சுற்றிலும் எல்லார் நிலமும் காய்ந்து கிடந்தபோது நம் பள்ளப் பாத்தியில் சிறுகீரை இருந்தது. கிராம சேவகர் வந்து பார்த்து, ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

பிறகு நிலத்துக்குக் கீழண்டைப் பக்கம் ரோட்டை மேடாக்கினார்கள். புதுசு புதுசாகத் தொழிற்சாலை வந்துகொண்டிருந்தது, லாரிகள் போக வேண்டும். நம் நிலத்துத் தண்ணீர் காலம் காலமாக அந்தப் பக்கம்தான் வடிந்தது. மனு எழுதிக் கொடுத்தோம். யாரும் வந்து பார்க்கவில்லை. "இனிமே மழை வந்தா இது கொளம்தான்" என்று சொன்னாய். கிணற்றை ஒட்டி வடக்கே குட்டைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும் என்று நீ இரண்டு தரம் சொன்னாய். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்தக் கார்த்திகையில் கத்தரி நாம் கண்டிராத அளவுக்குக் காய்த்திருந்தது. இன்னும் மூன்று நான்கு நாளில் பறிக்கிற பதம். வியாழக்கிழமை காலையில் நீ வரப்பில் நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாய். முந்தானையை விரித்துப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாய்.

"அக்கா, காத்து மாறிடுச்சு. வாடையும் இல்ல, கொண்டலும் இல்ல. நின்னு நின்னு அடிக்குது. எங்க வூட்ல இருந்தா இந்நேரம் கட்டுமரத்த மேட்டுக்கு ஏத்தியிருப்பாங்க. இன்னிக்கே பறிச்சிடலாம்."

"பிஞ்சுடி. இத எவ வாங்குவா? ஞாயித்துக்கெழம பறிக்கலாம்."

"ஞாயித்துக்கெழம இங்க ஒண்ணும் இருக்காது அக்கா. பிஞ்சோ முத்தலோ, கைக்கு வந்தது மிச்சம். வாய்க்காலயும் இன்னிக்கே வெட்டிடலாம், ரெண்டு பேரும் சேந்தா சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

நீ இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். மார்க்கெட்டில் எல்லாரும் உன் கீரை, உன் கத்தரி என்றுதான் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து மண்ணில் கிடக்கிறவள். என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நாலு தலைமுறையா பயிர் வெக்கிற வூட்ல பொறந்தவடி நான். மீன்காரி சொல்லித்தான் நான் காய் பறிக்கணுமா? உனக்கு வேணும்னா நீயே போய் வெட்டிக்க."

பஸ்ஸில் அந்தக் கண்டக்டர் சொன்னதை நடித்துக் காட்டிச் சிரித்தவள் நீ. இதற்குச் சிரிக்கவில்லை. கையில் இருந்த கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாய். அன்றும் மறுநாளும் நீ நிலத்துக்கு வரவில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாகத் தனித்தனியே உலை வைத்துக்கொண்டோம். வந்து கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உன் கதவு வரைக்கும் வந்தேன். உள்ளே நீ அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடியும்போது மழை பெய்தது என்று சொல்வது சரியில்லை. வானம் சரிந்து விழுந்தது. ஓடுகள் பறந்தன. காலை எட்டு மணி வாக்கில் காற்று கொஞ்சம் ஓய்ந்தபோது நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாய். நிலத்துக்குப் போக என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் நான் வந்திருப்பேன். இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் நீயே போய் வெட்டிக்க என்று சொன்னவள் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்?

பக்கத்து நிலத்துக்காரர் ஓடிவந்து கத்தியபோது நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கிணற்று வாய் சரிந்து உன்னையும் உள்ளே இழுத்துக்கொண்டது என்றார். நான் போனபோது பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை, நாற்பது சென்ட்டும் ஒரே தண்ணீர். கத்தரிச் செடிகளின் நுனி மட்டும் வரிசையாகத் தெரிந்தது. கிணற்றுக்கு வடக்கே பத்தடி நீளத்துக்கு நீ வெட்டின வாய்க்கால் இருந்தது. இன்னும் ஐந்தடி வெட்டியிருந்தால் குட்டையைத் தொட்டிருக்கும். ஏழெட்டுப் பேர் கயிறு கட்டி இறங்கி உன்னைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. மார்பெலும்பு நொறுங்கியிருந்தது, வாயெல்லாம் சேறு. என் முந்தானையால் துடைத்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். இரண்டாம் நாள் மதியம் கண் விழித்து என்னைப் பார்த்தாய். உன் வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"அக்கா, கத்திரி போயிடுச்சா?"

"இல்லடி. இருக்கு. நல்லா இருக்கு."

"பொய் சொல்ற." மூச்சு வாங்கியது. "பேஜாராவாத. வெத எங்கம்மா வூட்ல கீது" என்றாய்.

நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். உன் கையைப் பிடித்து, நான் சொன்ன சொல்லை மன்னித்துவிடு என்று. அவர் எதிரில் நின்றிருந்தார். அவர் முன்னால் கேட்டால் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் நீ போய்விட்டாய்.

தண்ணீர் எட்டு நாள் நின்றது. வடிந்தபோது நாம் இத்தனை வருஷம் செய்த கறுப்பு மண்ணில் பாதி ரோட்டோரத்தில் போய் அடைந்திருந்தது. கிளறினால் ஒரு புழு இல்லை. வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியதில் உன் பங்கு விதையும் என் பங்கு விதையும் ஊறி அழுகிப்போயிருந்தன. உன் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, நான் ராயபுரத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உன் அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க நெலம் எம்பொண்ண முழுங்கிச்சு. இப்ப வெத கேட்டு வந்துகீற."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கதவை அடைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். கதவு திறந்தது. ஒரு டப்பாவை என் கையில் திணித்தார். உள்ளே துணியில் முடிந்து முடிந்து வைத்திருந்தாய். கத்தரி, வெண்டை, அவரை, சிறுகீரை. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வேப்பிலைக் கொத்து.

"வெச்சப்பவே அவ குடுக்கச் சொன்னாள்ல, அதான் குடுக்கறேன். உனுக்கு இல்ல" என்றார்.

அந்த விதையை வைத்துத்தான் மறுபடி ஆரம்பித்தேன். கிணற்றை வேறு இடத்தில் வெட்டி, சுற்றுச்சுவர் கட்டினோம். வாய்க்காலை உன் வீட்டுக்காரர் வெட்டி முடித்தார். நீ விட்ட இடத்திலிருந்து அந்த ஐந்தடியை அவரே, யாரையும் தொட விடாமல். ஒரு வருஷம் மழை பொய்க்கிறது, ஒரு வருஷம் அடித்துக்கொண்டு போகிறது. மூன்று பங்காக விதைக்கிறேன். இரண்டு பங்கு போய்விடுகிறது பெரும்பாலும்.

நீ போனதிலிருந்து உன் வீட்டுக்காரர் என் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் காசிமேட்டுக்கு வருவோம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவர் அதையேதான் சொல்லுவார். "அவ யார் பேச்சையும் கேக்க மாட்டா அண்ணி. அந்த மழையில எவளாச்சும் தனியா போவாளா? எல்லாம் புடிவாதம்." நாலு வருஷம் நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். உன் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உன்மேல் பழியைப் போட விட்டுவிட்டு.

போன வருஷம் என்னால் முடியவில்லை.

"தம்பி, அவ புடிவாதத்துல போவல. நான் பேசின பேச்சுல போனா" என்றேன். காற்று, கத்தரி, வாய்க்கால், மீன்காரி என்ற வார்த்தை, எதையும் விடாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ரெண்டு நாள் உசுரோட இருந்தா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி" என்றார். அது உன்மேல் கோபமா, என்மேலா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து தனியாக நடந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என் கைச்சோறு சாப்பிடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் அடுப்பை மூட்டிப் பொங்கிக்கொள்கிறார். என் வீட்டுக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. லீவு நாட்களில் தம்பி நிலத்துக்கு வருகிறார், வாய்க்காலில் அடைத்த மண்ணை வாரிப் போடுகிறார், ஒரு வார்த்தை பேசாமல் போகிறார். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. உன் பேரில் கிடந்த பழி போயிற்று. அது ஒன்றுதான் நான் உனக்குச் செய்ய முடிந்தது, அதுவும் ஐந்து வருஷம் தாமதமாக.

ஆனாலும் கை கேட்க மாட்டேன் என்கிறது. தினமும் தம்பிக்கும் சேர்த்துத்தான் அரிசி அளந்து போடுகிறேன். மிஞ்சுகிறதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நிலத்துக்குப் போகுமுன் நானே குடித்துவிட்டுப் போகிறேன்.